ஜாய்-கானில் டி-பேட் மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தூங்காதவன்:
ஒரு வாரமாக இது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதிவிட்டாலாவது தூக்கம் வருமா பார்ப்போம்.

நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியின் இடது ஜாய்-கானில், அதாவது பக்கத்தில் மாட்டும் கன்ட்ரோலரில், திசைக்கு இருக்கிற நாலு தனிப் பொத்தான் நம்மில் பாதிப் பேருக்குப் பிடிக்காது என்பது தெரிந்த கதைதான். நாலும் சேர்ந்து ஒரே சிலுவையாக இருக்கிற திசைப் பொத்தான்தான் டி-பேட். அதற்கான ஓட்டையோடு வருகிற மாற்று ஷெல், அதாவது வெளிக்கூடு, ஒன்றை வாங்கி, சனிக்கிழமை ராத்திரி பாயில் உட்கார்ந்தேன். பின்பக்கம் நாலு ஸ்க்ரூ, பேட்டரி, நடுச்சட்டம், ரிப்பன் கேபிள் எல்லாம் வீடியோவில் காட்டிய மாதிரியே கழன்றன. ஸ்டிக் ரிப்பனைப் பிடித்திருக்கும் குட்டிப் பூட்டு மட்டும் ஒருமுறை தெறித்து ஓடியது, டார்ச் அடித்துக் கண்டுபிடித்தேன். மூடும்போது மணி ஒன்றரை.

சோதித்துப் பார்க்க 99 பேர் மோதுகிற டெட்ரிஸ் 99. என்ன அதிர்ஷ்டமோ, கடைசி நாலு பேரில் நானும் ஒருவன். இடது ஓரத்தில் ஒரு கட்ட அகலத்துக்குக் கிணறு மாதிரி விட்டு வைத்திருக்கிறேன். நீளக் கட்டை வந்தது. திருப்பி நிறுத்திவிட்டு இடது, இடது, இன்னொரு இடது... கட்டை நட்டநடுவில் டொக்கென்று போய் நின்றுவிட்டது. கட்டைவிரல் ஒரு மயிரிழை மேலே சாய்ந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் மேல்பக்கம் தட்டினால் கட்டை அந்த நொடியே அடியில் போய் உட்கார்ந்துவிடும். நான் கரித்துக் கொட்டிய அந்த நாலு பொத்தானில் இரண்டு வருஷம் ஆடியிருக்கிறேன். ஒருமுறைகூட இப்படி நடந்ததில்லை.

கார்பன்புள்ளி:
சிலுவையைக் குறை சொல்லாதீர்கள் நண்பரே. 1982-ல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான டாங்கி காங் கேம் & வாட்ச்சுக்காக குன்பெய் யோகோய் வடிவமைத்தது, நாற்பது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது. குறை உங்கள் ஷெல்லில்.

என் கதை சின்னது. நானும் ஒன்று மாற்றினேன், முதல் தடவை பொத்தானுக்கு அடியில் இருக்கிற ரப்பரைத் தலைகீழாக வைத்து மூடிவிட்டேன். அவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

சிலுவையின் அடியில் நடுமத்தியில் ஒரு சின்ன முட்டு இருக்கும். சீசா பலகைக்கு நடுவில் இருக்கிற கட்டை மாதிரி. இடதை அமுக்கினால் வலது தூக்க வேண்டும், மேல்கையும் கீழ்க்கையும் உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டைத் தொடவே கூடாது. முட்டு குட்டையாக இருந்தால் சிலுவை மொத்தமாக உள்ளே அமிழும். அப்போது சிலுவையின் பக்கத்துக் கையும் ரப்பரை அழுத்தி, ரப்பருக்கு அடியில் இருக்கிற கார்பன் வட்டம் போர்டில் பட்டுவிடும். நீங்கள் இடது என்று நினைப்பதை ஸ்விட்ச் இடது-மேல் என்று படிக்கும். செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குள் பொத்தான் சோதனை இருக்கிறது. அதைத் திறந்து வைத்து, இடதை அழுத்திப் பிடித்தபடி கட்டைவிரலை மேலும் கீழும் லேசாக உருட்டுங்கள். லேசாக உருட்டும்போதே திரையில் 'மேல்' எரிந்தால் முட்டு போதவில்லை. நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி ஒட்டி உயர்த்துங்கள். ஒரேயடியாக உயர்த்தாதீர்கள், ஒட்டிப் பார்த்து, சோதித்து, அப்புறம் அடுத்தது. பிறகு ரப்பரைக் கையால் தடவாதீர்கள், விரல் எண்ணெய் கார்பனுக்கு ஆகாது. போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

ரெண்டாம்_பிளேயர்:
டெட்ரிஸ் தோற்றதற்கே ஒரு வாரம் தூங்கவில்லையா? என் வீட்டுக்கு வாருங்கள். நான் டி-பேட் மாற்றிய மறுநாள், என் பெண் அதே இடது ஜாய்-கானைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு மாரியோ கார்ட் ஆட உட்கார்ந்தாள். அப்படிப் பிடித்தால் அந்தச் சிலுவைதான் அவளுக்கு நாலு பொத்தான். கீழ்க்கை ஆக்ஸிலரேட்டர், இடக்கை பிரேக். விரல் கொஞ்சம் நகர்ந்தால் இரண்டும் சேர்ந்து விழுகிறது. "அப்பா, வண்டி தானா நிக்குது" என்றாள். நான் ஒழுங்காக ஓட்டச் சொல்லித் திட்டிவிட்டேன். மூன்றாவது ரேஸும் கடைசி. கன்ட்ரோலரை வாங்கி நானே ஒரு சுற்று ஓட்டினேன், வளைவில் வண்டி திணறியது. நின்டெண்டோ எதற்கு நாலாகப் பிரித்து வைத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு ஜோடியை இரண்டு பேர் பங்கு போட்டு ஆடத்தானே. அவளிடம் இன்னும் ஸாரி சொல்லவில்லை.

இளையவன்:
என்னுடையது ஸ்விட்ச் இல்லை, கேம்பாய் அட்வான்ஸ் என்கிற பழைய கையடக்கக் கருவி, 2001 மாடல். அண்ணன் வாங்கியது, அவன் வேலைக்குப் போனதும் என் கைக்கு வந்தது. வலது சரியாக வேலை செய்யவில்லை. சரி, எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று புது ரப்பர், புதுச் சிலுவை இரண்டும் வாங்கினேன். பேட்டரி அறைக்குள் ஒளிந்திருக்கிற ஸ்க்ரூவை மறந்துவிட்டு நெம்பியதில் ஓரத்தில் ஒரு தழும்பு. அது போகட்டும்.

பழைய சிலுவையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மூன்று கைகளிலும் விளிம்பு அப்படியே இருந்தது. வலது கை மட்டும் கரைந்த சோப்பு மாதிரி வழுவழுவென்று உருண்டிருந்தது. மாரியோ எந்நேரமும் வலப்பக்கம்தானே ஓடுகிறான்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தட்டு தட்டினான். "புதுசா? பழசு எங்கடா?" என்றான். அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கேயோ வைத்திருக்கிறேன், தேடித் தருகிறேன் என்றேன். போன வாரம் போனில் மறுபடி கேட்டான்.

ஹடூக்கன்_வரல:
@கார்பன்புள்ளி அந்த முட்டின் உயரத்தைக் கூட்டச் சொல்வதற்கு முன்னால் மறுபக்கத்தையும் சொல்லியிருக்க வேண்டும். நான் உங்களைப் போன்ற ஒருவர் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டேன். பழைய கேம்கள் ஓடுகிற சின்ன கையடக்கக் கருவி அது. காண்ட்ராவில் படுத்துக்கொண்டு சுட வேண்டிய இடத்தில் எழுந்து சாய்வாகச் சுட்டுச் செத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒட்டினேன், நின்றது. ஆசை அடங்காமல் இன்னொன்று ஒட்டினேன். அப்புறம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டேன். கீழ், கீழ்-முன், முன், குத்து. இப்படித் தட்டினால் ரியூ ஹடூக்கன் என்கிற சக்திப் பந்தை விட வேண்டும். அவன் வெறும் குத்து விடுகிறான். இருபது தடவை. கீழிலிருந்து முன்னுக்குப் போகும் வழியில் அந்தச் சாய்வு விழவே இல்லை. நீங்கள் வேண்டாம் என்று துரத்துகிற சாய்வுதான் ஹடூக்கனுக்கு வேண்டும்.

என்னைக் கேட்டால் அந்த முட்டில் கையே வைக்கக் கூடாது. போர்டில் கார்பன் வட்டம் படுகிற தடங்களின் உள்விளிம்பில், அதாவது நடுப்பக்கமாக, மெல்லிய டேப்பை ஒரு கீற்று ஒட்டுங்கள். விரல் லேசாகச் சாய்ந்தால் படாது, அழுத்திச் சாய்த்தால் படும். பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம்.

கார்பன்புள்ளி:
"ஒரேயடியாக உயர்த்தாதீர்கள்" என்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வரவும். டேப் ஒட்டினால் வெயில் காலத்தில் பசை இளகி நகரும்.

ஹடூக்கன்_வரல:
எனக்கு நகரவில்லை.

வத்தக்குழம்பு:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு நடந்தது ஒரே வரி: அவசரத்தில் சாதா ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகி, ஜாய்-கான் ஸ்க்ரூவின் தலை மொழுக்கையாகிவிட்டது, இன்றுவரை அது திறக்கவில்லை.

வெளியே இருப்பது மூன்று இதழ் ஸ்க்ரூ, அதற்கு ஒய்00 முனை வேண்டும். உள்ளே இருப்பது நாலு இதழ், அதற்கு வேறு முனை. இரண்டையும் கலக்காதீர்கள். பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் வேறு எதிலும் கை வைக்க வேண்டும். ஐஸ் டிரேயில் குழிக்கு ஒரு வகையாக ஸ்க்ரூவைப் போட்டு வையுங்கள், நீளம் மாறி உள்ளே போனால் ஷெல்லைத் துளைத்துக்கொண்டு வரும். முடுக்கும்போது முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். பழைய மரையில் உட்கார்ந்தால் கையில் ஒரு சின்ன 'டக்' தெரியும். அதற்கப்புறம் வலப்பக்கம். நேரே முடுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டும், மூன்றாவது தடவை பிடிக்காது. இளையவன் தம்பி, அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

இளையவன்:
சொல்லிவிடலாம்தான். ஆனால் தேடுகிறேன் என்று சொல்லி நாலு மாதம் ஆகிவிட்டதே அண்ணே.

தூங்காதவன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மறுபடி திறந்தேன். கார்பன்புள்ளி மன்னிக்கவும், டேப்தான் ஒட்டினேன். இடதைப் பிடித்து உருட்டிப் பார்த்தேன், லேசாகச் சாய்த்தால் 'மேல்' எரியவில்லை. அழுத்திச் சாய்த்தால் எரிகிறது. ஐஸ் டிரேயும் வைத்தேன், இடப்பக்கம் திருப்பி 'டக்' கேட்டுத்தான் முடுக்கினேன்.

மூடி முடித்துப் பார்த்தால் டிரேயில் ஒரு ஸ்க்ரூ மிச்சம். திறந்து ஒவ்வொரு ஓட்டையாக எண்ணிவிட்டேன், எல்லாவற்றிலும் ஸ்க்ரூ இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது?