பாலில்லா சாக்லேட் தட்டில் வைத்ததும் இளகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

மதுரைக்காரி கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன வருஷத்திலிருந்து பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. தீபாவளிக்கு இங்கே வருகிறாள். எங்கள் வீட்டுப் பலகாரம் பாதிக்குமேல் நெய்யில் செய்வது. அவளுக்கென்று முறுக்கை மட்டும் எடுத்து நீட்ட மனசு வரவில்லை. சின்ன வயசிலிருந்தே சாக்லேட் என்றால் அவளுக்கு உயிர், அதனால் அதையே செய்து வைக்கலாம் என்று நினைத்தேன்.

தேடிப் பார்த்தால் எல்லோரும் ஒரே செய்முறைதான் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெய், கோகோ பவுடர், இனிப்புக்கு ஏதாவது ஒரு பாகு, ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆயிற்று. ஃப்ரிட்ஜில் இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கிறது. தட்டில் எடுத்துவைத்து, ஆட்கள் வந்து உட்காருவதற்குள் ஓரமெல்லாம் எண்ணெய் விட்டு, விரலில் அப்பிக்கொள்கிறது. வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி நிற்கும் சாக்லேட் வேண்டும். படுக்கையறையில் ஏசி இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். பேக்கிங் சாமான் கடையில் டார்க் காம்பவுண்ட் கட்டி விற்கிறார்கள், பச்சைப் புள்ளி போட்டிருக்கிறது. அதை அவள் சாப்பிடலாமா? சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி சேர்க்கலாமா?

ஆனைமலை அடிவாரம் எழுதியது

அக்கா, உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை, செய்முறைதான் நம் ஊருக்கு ஆகாதது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே இளகிவிடும். மதுரையில் மார்கழி விடியற்காலை தவிர எந்த வீட்டுக்குள் அந்தக் குளிர் இருக்கிறது? குளிர்நாட்டு அடுப்படியில் எழுதிய குறிப்பு அது. கோகோ பட்டர், அதாவது கோகோ கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு, அப்படியல்ல. சரியாக உறைந்திருந்தால் 34 டிகிரி வாக்கில்தான் உருகும். அதனால்தான் நல்ல சாக்லேட் கையில் கெட்டியாக இருந்து வாயில் கரைகிறது. இரண்டையும் கலந்து பாதி வழி போகலாம் என்றும் நினைக்காதீர்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்ந்தாலே கோகோ பட்டரும் தன் கெட்டித்தன்மையை இழந்துவிடும்.

எங்கள் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோ போடுகிறோம். காயை உடைத்தால் வெள்ளைச் சதை, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். அந்தக் கொட்டையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து அரைத்தால் வருவதுதான் சாக்லேட். இதில் பாலுக்கு எங்கேயும் இடமில்லை. பால் சாக்லேட்டே 1875 வாக்கில் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் என்பவர் செய்து காட்டிய பிறகு வந்ததுதான். எனவே உங்கள் அக்கா மகளுக்காக எதையும் மாற்றுப்பொருள் வைத்து ஒப்பேற்ற வேண்டியதில்லை. பழைய, நேரான சாக்லேட்டை எடுத்தால் போதும்.

கடையில் கேட்கும்போது கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் வேண்டாம், கோகோ பட்டரே உள்ள கூவர்ச்சர் என்று கேளுங்கள். பின்பக்கம் கோகோ மாஸ் (கோகோ கொட்டையை அரைத்த விழுது), சர்க்கரை, கோகோ பட்டர், சோயா லெசிதின், இவ்வளவுதான் இருக்கவேண்டும். வனிலா இருந்தால் பரவாயில்லை. பச்சைப் புள்ளியை நம்பி வாங்காதீர்கள். கறி, மீன், முட்டை இல்லை என்பதற்குத்தான் அது. பால் பவுடர் சேர்த்தாலும் பச்சைப் புள்ளி உண்டு. டார்க் என்று பெயர் போட்ட காம்பவுண்ட் கட்டிகளிலேயே பால் பவுடர் சேர்த்தவை இருக்கின்றன. விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத வீகன் உணவுக்கென்று 2022-ல் தனி விதிமுறையும் தனி முத்திரையும் வந்துவிட்டன. அந்த முத்திரை இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் பொருள் பட்டியலை வரி விடாமல் படியுங்கள்.

இப்போது முக்கியமான வேலை, டெம்பரிங். சாக்லேட்டை உருக்கி, பதமான சூட்டுக்கு ஆற்றிச் சரியாக உறையவைப்பதுதான் அது. கோகோ பட்டர் ஆறு விதமாக உறையக்கூடியது. அதில் ஒரே ஒரு விதம்தான் பளபளப்பாகவும், உடைத்தால் டக்கென்று சத்தம் வரும்படியும் இருக்கும். அதற்குத்தான் இந்தப் பாடு. ஏசி அறையை 20, 22 டிகிரியில் வைத்து, அங்கேயே ஒரு மேசை போட்டுக்கொள்ளுங்கள். 400 கிராம் எடுத்தால் 300 கிராமை மட்டும் பொடியாக நறுக்கி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கவேண்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது. 45 முதல் 50 டிகிரி வந்ததும் இறக்கி, அடியில் உள்ள ஈரத்தை முதலில் துடையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தால் சர்க்கரை அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் திரிதிரியாக இறுகிவிடும். கரண்டி, அச்சு, கை எல்லாம் காய்ந்திருக்கட்டும்.

மீதி 100 கிராமைத் துருவி, மூன்று தடவையாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கடைசித் துருவல் மெதுவாகக் கரையும், சாக்லேட் கொஞ்சம் கெட்டிப்படும். 31, 32 டிகிரிதான் கணக்கு. தெர்மாமீட்டர் இல்லையென்றால் சுத்தமான ஸ்பூன் நுனியில் தொட்டு கீழுதட்டில் வைத்துப் பாருங்கள். சூடும் தெரியாமல், லேசாகக் குளிர்ந்த மாதிரி பட்டால் சரி. அப்புறம் கத்தி முனையை முக்கி மேசையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் திட்டு இல்லாமல் மங்கிய பளபளப்போடு காய்ந்துவிட்டால் பதம் வந்துவிட்டது. கோடுகோடாக வெளுத்தால் மறுபடி 45-க்கு ஏற்றித் தொடங்கவேண்டும், சாக்லேட் வீணாகாது.

உள்ளே என்ன வைப்பது? என் ஓட்டு கடலை உருண்டைக்கும் எள்ளுருண்டைக்கும்தான். வெல்லப் பாகை உருட்டுப் பதத்துக்குக் கொஞ்சம் மேலேயே எடுத்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, நன்றாக ஆறவிட்டு, முள்கரண்டியில் தூக்கி சாக்லேட்டில் முக்குங்கள். சொட்டுவது நின்றதும் பட்டர் பேப்பரில் வைக்கவேண்டும். ஐப்பசி மழை ஈரத்தில் வெல்ல உருண்டை கசிந்து பிசுபிசுக்குமே, மேலே சாக்லேட் மூடியிருந்தால் அந்தத் தொல்லையும் குறையும். எள்ளின் லேசான கசப்பு டார்க் சாக்லேட்டோடு சேரும்போது வேறு எதுவும் அதற்கு ஈடில்லை என்பேன்.

கருப்பட்டியை உருகிய சாக்லேட்டில் நேராகப் போடாதீர்கள், அதில் ஈரம் இருக்கிறது. தேங்காய்ப்பால் கனாஷில்தான், அதாவது சூடான தேங்காய்ப்பாலைச் சாக்லேட்டில் ஊற்றிக் கிளறும் மெத்தென்ற கலவையில்தான், அதற்கு இடம். முற்றின தேங்காயில் சொட்டுத் தண்ணீர் மட்டும் தெளித்து எடுத்த முதல் பால் 100 மில்லி, அதில் 30 கிராம் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்கவிடாமல் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். கொதித்தால் திரிந்துபோகும். நறுக்கிய 200 கிராம் சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வட்டமாகக் கிளறினால் வழுவழுவென்று சேர்ந்துவரும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து உருட்டி கோகோ பவுடரில் புரட்டவேண்டும். ஒரு சிட்டிகை சுக்குப் பொடி போட்டால் இன்னும் விசேஷம். ஆனால் இது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து உடனே சாப்பிடுவதற்கு மட்டும்தான். நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், தேங்காய்ப்பால் தாங்காது.

பாப்பாவின் அம்மா, சென்னை எழுதியது

ஆனைமலை அக்கா சொன்னது அத்தனையும் சரி. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். என் மகளுக்குப் பால் அலர்ஜி. பால் வேண்டாம் என்று விட்டவர்களுக்கும், பால் பட்டாலே உடம்பு தடித்துவிடும் குழந்தைக்கும் வாங்குகிற சாக்லேட் ஒன்றாக இருக்க முடியாது. பட்டியலில் பால் இல்லாவிட்டாலும், அதே இயந்திரத்தில் பால் சாக்லேட் ஓடியிருந்தால் மிச்சம் ஒட்டிவரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-ல் வெளியிட்ட சோதனையில், பாலைப் பொருளாகக் குறிப்பிடாத 88 டார்க் சாக்லேட்டுகளில் 51-ல் பால் இருந்தது. அலர்ஜி உள்ள வீடுகளில் ‘பால் இருக்கக்கூடும்’ என்ற சின்ன எழுத்தைப் பார்த்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

கடையில் விற்கும் தேங்காய்ப்பால் பவுடரையும் பாருங்கள். பலவற்றில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள், அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். பெயரில் தேங்காய் இருப்பதால் யாரும் திருப்பிப் பார்ப்பதே இல்லை. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு.

மதுரைக்காரி எழுதியது

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எள்ளுருண்டை என்றதும் எங்கள் அம்மாவே களத்தில் இறங்கிவிட்டார்கள், பாகு அவர்கள் பொறுப்பு. திரும்பிப் போகும்போது ஒரு டப்பா கொடுத்தனுப்ப ஆசை. பஸ்ஸில் தாங்குமா?

ஆனைமலை அடிவாரம் எழுதியது

ராத்திரி பஸ் என்றால் தாராளமாகத் தாங்கும் அக்கா. பகல் பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்தால் உத்தரவாதமில்லை. உருண்டைகளை ஃப்ரிட்ஜில் வைக்காமல் ஏசி அறையிலேயே காயவிட்டு, பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, டப்பாவைச் செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றிக் கொடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் டப்பாவை மூடியபடியே வெளியே எடுத்து, சூடு சமமானபின் திறக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த சாக்லேட் மேல் காற்றின் ஈரம் வேர்த்து நின்றால் சர்க்கரை வெளியே வந்து வெள்ளை பூத்துவிடும். கெட்டுப்போனதில்லை, சாப்பிடலாம். ஆனால் அந்தப் பளபளப்பு போய்விடும். அம்மாவிடம் பாகை ஒரு கம்பி கூடுதலாகவே இறுக்கச் சொல்லுங்கள்.