புதுப்பிப்பு: மக்காச்சோளம் ரயிலிலேயே வந்தது

பீகாரிலிருந்து நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் கொண்டுவர லாரியா, ரயிலா என்று முன்பு கேட்டிருந்தேன். ரயில்தான் என்று முடிவாகி, சரக்கும் வந்து இறங்கிவிட்டது.

42 வேகன் கொண்ட ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழு சரக்கு ரயிலில், ஏறத்தாழ 2,600 டன். லாரிக்கு 25 டன் வைத்தாலும் நூறு லாரிக்கு மேல் பிடிக்க வேண்டும். அவ்வளவையும் ஒருவரே வாங்க முடியுமா? நாங்கள் சில பேர் சேர்ந்துதான் எடுத்தோம்.

வழியில் ஒரு தொல்லையும் இல்லை. தலைவலி எல்லாம் சரக்கு இறக்கும் கூட்ஸ் ஷெட்டில்தான். இறக்கும் கெடு தாண்டினால் வேகனுக்கு மணிக்கணக்கில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். இறக்கிய மூட்டையை எடுக்காமல் போட்டுவைத்தால் அதற்கு வார்ஃபேஜ் என்ற கட்டணம் தனி. லோடுமேன்கள் தயாராக நிற்க, லாரிகள் டீக்கடையில் நின்றன! தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் அடிமூட்டைகளில் லேசான ஈரம். அவற்றை முதலில் பிரித்துக் காயப்போட்டோம்.

அடுத்த ரேக்குக்கு லாரிகளுக்கு இப்போதே சொல்லிவைத்தாயிற்று.