தன் தவறைத் தானே சொன்ன மேலதிகாரி உங்களுக்கு வாய்த்ததுண்டா?

நான் வார்டு நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டில் யாரும் யாரிடமும் சந்தேகம் கேட்க மாட்டார்கள். கேட்டால், "இதுகூடத் தெரியாமலா கோர்ஸ் முடிச்ச?" என்பார்கள். அவரவர் நோயாளி அவரவர் பாடு.

ஒரு நாள் காலை டியூட்டி மாறும்போது இன்சார்ஜ் சிஸ்டர் எங்களைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். "ராத்திரி இன்சுலினைத் தப்பான சிரிஞ்சில எடுத்துட்டேன். போடுறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுடுச்சு. டாக்டர்கிட்ட சொல்லி, ரிஜிஸ்டர்லயும் எழுதிட்டேன்" என்றார்.

நம் ஊரில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. சில குப்பிகளில் மில்லிக்கு 100 யூனிட் இருக்கும். அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். நோயாளி தூக்கத்தில் இருந்தால் சர்க்கரை இறங்குவது அவருக்கே தெரியாது. இருபது வருடம் வேலை பார்த்தவர் அவர். மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அன்று இரவே ஒரு ஜூனியர் பெண் சிரிஞ்சை என்னிடம் நீட்டி, "அக்கா, அளவு சரியா பாருங்களேன்" என்றாள். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. ஒருவர் மருந்து எடுக்க, இன்னொருவர் பார்ப்போம். நரம்பு கிடைக்காத தாத்தாவுக்கு ஊசி போட அடுத்த வார்டிலிருந்துகூட ஆள் வரும். சிஸ்டர் எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

* * *

சிஸ்டர், நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் பனியன் கம்பெனி ஞாபகம் வந்தது. நான் திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர், துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மெஷின். எங்களுக்குப் பீஸ் ரேட், தைத்த பீஸுக்குத்தான் கூலி. பக்கத்து மெஷினுக்குக் கை கொடுத்தால் அந்த நேரத்துக் கூலி போச்சு. அதனால் உதவாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு தடவை கட்டிங் மாஸ்டர் ரோலைப் பிரித்து, துணியை ஆறப் போடாமல் உடனே வெட்டிவிட்டார். பின்னல் துணி இழுபட்டபடியே சுருட்டி வரும். ஒரு நாளாவது தளர விடாவிட்டால் வெட்டிய பிறகு சுருங்கும். பீஸ் எல்லாம் அளவு குறைந்தது. வழக்கமாக இந்தப் பழி டெய்லர் தலையில்தான் விழும். மாஸ்டர் முதலாளியிடம் எங்கள் எதிரிலேயே, "டெய்லருங்க மேல தப்பு இல்லீங்க, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். திரும்பத் தைக்கும் நாட்களுக்குப் பீஸ் கணக்கு வேண்டாம், ஷிப்ட் சம்பளம் கொடுங்கள் என்றும் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம் மெஷின் சும்மா இருந்த நேரத்தில் நாங்கள் டெய்லருக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிசிறு வெட்டினோம், செக்கிங் பார்த்தோம். யாரும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை இரவு பேக்கிங் முடிந்துதான் வீட்டுக்குப் போனோம்.

மாஸ்டர் பிறகு வேறு கம்பெனிக்கு மாறினார். அடுத்த மாதமே நானும் இன்னும் நாலு பேரும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டோம்.