பாபநாசம் பக்கம் பரிசலும் அருவி ஏற்றமும் ஒரே நாளில் முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்ததும் அக்கா குடும்பம் சென்னையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வருகிறது. பிள்ளைகளுக்குத் தாமிரபரணியில் மெதுவாக மிதந்து போகவேண்டும், அப்புறம் ஓர் அருவிக்கு ஏறவேண்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்பவும் வேண்டும்.

ஏற்றத்துக்கு அகஸ்தியர் அருவி சரி. குளித்துவிட்டுப் படியேறி கல்யாண தீர்த்தம் வரை போனால் அவர்களுக்கு அதுவே போதும். புலிகள் காப்பகப் பகுதி என்பதால், சோதனைச் சாவடியில் எத்தனை மணிவரை விடுகிறார்கள் என்று அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றுப் பயணம்தான் பெரிய கேள்வி. முன்பெல்லாம் காரையாறு அணையில் படகேறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போவார்கள். அந்த அழகை இந்தப் பிள்ளைகளும் பார்க்கவேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அது இல்லாவிட்டாலும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் முறையான அனுமதியோடு பரிசலோ ரப்பர் படகோ விடுகிறவர்கள் இருக்கிறார்களா? லைஃப் ஜாக்கெட் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் பிள்ளைகளை ஏற்றமாட்டேன், எவ்வளவு அமைதியான தண்ணீராக இருந்தாலும் சரி. 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். மழை இல்லாத நாளிலும் அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு ஏறிவிடும். அன்றைய நீர்த்திறப்பை முன்கூட்டியே யாரிடம் விசாரிப்பது?

படகே கிடைக்காது என்றால், ஆழமும் சுழலும் இல்லாத ஒரு படித்துறையாவது சொல்லுங்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, அவர் கரையில் நிழலில் உட்கார இடமிருந்தால் நல்லது.