பண்டிகை லீவுல சேவை பண்ணணும், கிரீடத்தோட போகவா கழட்டி வச்சுட்டு போகவா?

மன்னார்குடி பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 21 வயசு, ஊரு மன்னார்குடி பக்கம், சென்னையில ஹாஸ்டல்ல தங்கி பி.காம் கடைசி வருஷம் படிக்கிறேன். இந்த வருஷம் ஒரு அழகிப் போட்டியில டைட்டில் ஜெயிச்சேன், பெரிய போட்டியெல்லாம் இல்ல, ஆனா எங்க ஊர்லேருந்து போயி ஜெயிச்சதுனால வீட்ல தெருவுல எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். டைட்டில் ஒரு வருஷம் நம்மகிட்ட இருக்கும், அந்த ஒரு வருஷத்துல சமூக சேவை பண்ணணும், பண்ணினதுக்கு போட்டோ அனுப்பணும்னு நடத்துறவங்க சொல்லியிருக்காங்க.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப ஒரு முதியோர் இல்லத்துக்கு போனேன். கிரீடம், சாஷ் (டைட்டில் பேரு எழுதி தோள்ல குறுக்கா போடுற பட்டை), பட்டுப்புடவை எல்லாம் போட்டுட்டு ரெண்டு கிலோ மைசூர்பாகு வாங்கிட்டு போட்டோ எடுக்குற தம்பியையும் கூட்டிட்டு. ஒரு பாட்டிக்கு நான் ஊட்டி விடுற மாதிரி போட்டோ எடுத்தோம். தம்பி கேமராவ சரி பண்ணிட்டு இருக்கும்போது அந்தப் பாட்டி என் காதுகிட்ட வந்து "எனக்கு சக்கர இருக்கும்மா, காலையிலேருந்து நீ நாலாவது ஆளு, போட்டோ எடுத்ததும் துப்பிக்கிறேன், நீ ஒண்ணும் நெனச்சுக்காத"ன்னு மெதுவா சொன்னாங்க. எனக்கு சங்கடமா இருக்கக்கூடாதேன்னு அவங்க பார்த்தாங்க. அந்தப் போட்டோவ நான் யாருக்கும் அனுப்பல, இன்னும் போன்லயே இருக்கு.

இப்ப கிறிஸ்துமஸ்லேருந்து பொங்கல் முடியுற வரைக்கும் 20 நாளுக்கு மேல ஊர்லதான் இருப்பேன். ஸ்கூட்டி இருக்கு, நீடாமங்கலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வரைக்கும் போய் வர முடியும். கையில காசு பெருசா இல்ல. அம்மா "கிரீடத்தோட தெருவுல போனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க"ன்னு பயப்படுறாங்க. உண்மையாவே யாருக்காவது உபயோகமா இருக்குற மாதிரி என்ன பண்ணலாம், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

நைட் டியூட்டி அக்கா

தங்கச்சி, நான் கும்பகோணம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல 9 வருஷமா வேலை பாக்குறேன். நீ எழுதினத படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் தோணல எனக்கு. அந்தப் பாட்டி மாதிரி எங்க இல்லத்துலயும் இருக்காங்க, வந்தவங்க மனசு கோணக்கூடாதுன்னு மூணாவது தடவையும் பாயசம் குடிப்பாங்க, ராத்திரி சுகர் ஏறிப்போயி நாங்க அல்லாடுவோம்.

தீபாவளி, பொங்கல், ஜனவரி 1, யாராவது பெரிய ஆளு பிறந்தநாள், இந்த நாள்ல எல்லாம் எங்களுக்கு சாப்பாடு மீந்து போகும். காலையில 5 மணிக்கு கட்டின சாம்பார் சாதப் பொட்டலத்த மதியம் 2 மணிக்கு கொண்டு வந்து குடுப்பாங்க, பிரிச்சா ஊசிப்போன வாடை அடிக்கும், அதை குடுத்தவங்க முன்னாடி கொட்டவும் முடியாது. அப்புறம் ஜனவரி 20 தாண்டிட்டா ஒரு ஈ காக்கா வராது. அதனால நீ பொங்கலுக்கு வராத, பொங்கல் முடிஞ்சு மூணாம் நாள் வா. இல்ல இப்ப மார்கழி ஆரம்பத்துலயே ஒரு சாதாரண செவ்வாக்கிழமை வா. வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணி "என்ன குறையுது"ன்னு கேளு. நாங்க கேக்குறது எப்பவும் ஒண்ணுதான், பெரியவங்களுக்கான டயப்பர், போர்வை (மார்கழி பனி வயசானவங்களுக்கு எலும்புல எறங்கும்), தேங்காண்ணெய், குளியல் சோப்பு, முன்னாடி பட்டன் வச்ச நைட்டி. தலை வழியா போடுற நைட்டி கை தூக்க முடியாதவங்களுக்கு போட்டு விட முடியாது, அது வந்து அலமாரியில தூங்குது.

காசு இல்லன்னு கவலப்படாத. காசில்லாம பண்ற வேலைதான் எங்களுக்கு ஆள் பத்தாத வேலை. தலைக்கு எண்ணெய் வச்சு சீவி பின்னி விடுறது, நகம் வெட்டி விடுறது, ஊசியில நூல் கோத்துக் குடுக்குறது, செல்போன்ல மகன் நம்பர் எதுன்னு தேடிப் போட்டு குடுக்குறது. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும், ஏன்னா பாதி நேரம் அந்தப் பக்கம் எடுக்க மாட்டாங்க.

நீ பி.காம் படிக்கிற, பாரம் பூர்த்தி பண்ண வரும்ல? முதியோர் உதவித்தொகை மாசம் 1200 ரூபா, அதுக்குத் தகுதி இருந்தும் ஆதார்ல பேரு ஒரு மாதிரி ரேஷன் கார்டுல ஒரு மாதிரி இருக்குறதுனால வாங்க முடியாம கிராமத்துல எத்தனையோ பேரு இருக்காங்க. ஒரு ஆளுக்கு அதை சரி பண்ணிக் குடுத்தாலே மாசாமாசம் சோறு. பெரியவங்களுக்குன்னு 14567ன்னு ஒரு ஹெல்ப்லைன் இருக்கு, அந்த நம்பர தெரியாதவங்கதான் நிறைய, போற இடத்துலயெல்லாம் பெருசா எழுதி ஒட்டிட்டு வா.

ரத்த வங்கி டெக்னீஷியன், தஞ்சாவூர்

வணக்கம் மா. நான் வேற ஒரு பக்கத்துலேருந்து சொல்றேன்.

லீவு வந்தா ரத்தம் கொறையும். காரணம் ரொம்ப சாதாரணம், எங்களுக்கு ரத்தம் பெரும்பாலும் காலேஜ் கேம்ப்லேருந்துதான் வருது, காலேஜ் மூடுனா கேம்ப் இல்ல, பசங்கெல்லாம் ஊருக்குப் போயிடுவாங்க. ஆனா ஆக்சிடென்ட்டும் பிரசவமும் லீவு எடுக்காது. நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் டெங்கு வேற, பிளேட்லெட் (ரத்தத்துல இருக்குற தட்டணு) கேட்டு நடு ராத்திரியில போன் வரும். சிவப்பணுவ 35 நாள், சேர்க்குற திரவத்தப் பொறுத்து 42 நாள் கூட வச்சுக்கலாம், பிளேட்லெட் வெறும் 5 நாள்தான், அதனால முன்னாடியே சேத்து வைக்க முடியாது, அன்னன்னிக்கு ஆள் வேணும்.

உனக்கு ஜெயிச்ச பிறகு இன்ஸ்டால நிறைய பேரு சேந்திருப்பாங்கல்ல, அதுல நம்ம ஊரு பசங்க எத்தனை பேரு லீவுக்கு வந்திருக்காங்கன்னு கேளு. உங்க ஊர்ல ஒரு சத்திரமோ பள்ளிக்கூட ஹாலோ பிடிச்சு, லைசென்ஸ் உள்ள ரத்த மையத்துகிட்ட பேசுனா டாக்டர், நர்ஸ், பெட்டு எல்லாம் அவங்களே கொண்டு வருவாங்க, நீயா எதுவும் செலவு பண்ண வேண்டாம், ஆளச் சேக்குறதுதான் உன் வேலை. 18 வயசு முடிஞ்சிருக்கணும், எடை 45 கிலோவுக்கு மேல, ஹீமோகுளோபின் 12.5க்கு கொறையக்கூடாது. ஆம்பளைங்க 3 மாசத்துக்கு ஒரு தடவ, பொம்பளைங்க 4 மாசத்துக்கு ஒரு தடவ குடுக்கலாம். வெறும் வயித்தோட வரக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடு, இட்லி சாப்புடாம வந்து மயங்கி விழுறவன பாத்து பின்னாடி நிக்கிற பத்து பேரு ஓடிருவான்.

இன்னொண்ணு, இதை மனசார சொல்றேன். முதல்ல நீ உன் எச்.பி. (ஹீமோகுளோபின்) பாரு. ரத்தம் குடுக்க ஆசையா வர்ற பொண்ணுங்கள்ல நிறைய பேர 10, 11ன்னு இருக்குன்னு நாங்க திருப்பி அனுப்புறோம், அவங்க முகம் சுண்டிப் போயிடும். உனக்கும் போட்டிக்காக டயட் இருந்திருப்ப, கொறைஞ்சிருக்கலாம். கொறைஞ்சிருந்தா மறைக்காம அதையே ஒரு வீடியோல சொல்லு, "டைட்டில் ஜெயிச்ச எனக்கே ரத்தம் கம்மி, டாக்டர் குடுத்த இரும்புச்சத்து மாத்திரை சாப்புடுறேன், முருங்கைக்கீரை சாப்புடுறேன்"னு. ஒல்லியா இருந்தாதான் அழகுன்னு சாப்பாட்ட குறைக்கிற எத்தனையோ புள்ளைங்க அதைக் கேக்கும். நான் சொன்னா கேக்காதுங்க, நீ சொன்னா கேக்கும்.

பேராவூரணி தென்னந்தோப்பு

பாப்பா, நான் விவசாயி, எழுத்து பெருசா வராது, தப்பு இருந்தா பொறுத்துக்க.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சுது, உங்க மன்னார்குடியும் பட்டுச்சு எங்க பேராவூரணி பட்டுக்கோட்டையும் பட்டுச்சு, எங்கப்பா வச்ச தென்னை ஒரே ராத்திரியில மொத்தமா சாஞ்சு கெடந்தது, நெட்ட ரகம் கன்னு வச்சு காய் எடுக்க 6, 7 வருஷம் ஆகும், அந்த கணக்கு போட்டுப் பாத்தப்பதான் அழுதேன். அது கெடக்கட்டும். அப்ப உதவி நிறைய வந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன், நல்ல மனசோட எங்கெங்கேருந்தோ லாரி லாரியா வந்தாங்க. ஆனா மெயின் ரோட்டுல நிறுத்திக் குடுத்துட்டு போயிட்டாங்க, உள்ள இருக்குற குடிசைக்கு வந்து சேரல. ரோட்டோரம் இருந்த வீட்டுக்கு நாலு பாய் நாலு போர்வை, ஒரு கிலோமீட்டர் உள்ள போனா தார்ப்பாய் கூட இல்ல. பழைய துணி மூட்ட மூட்டயா ரோட்டுல மழையில நனைஞ்சு கெடந்துச்சு.

அப்ப ஒரு காலேஜ் பொண்ணு, யாருன்னு இன்னிக்கு வரைக்கும் பேரு தெரியாது, ஒரு நோட்டு எடுத்துட்டு முட்டிக்கால் சேத்துல வீடு வீடா வந்துச்சு. எதுவும் கொண்டு வரல. "உங்க வீட்டுக்கு என்ன வேணும்"னு கேட்டு எழுதிட்டுப் போச்சு. எங்க வீட்டு பொம்பளைங்க ஆம்பளைங்ககிட்ட சொல்ல முடியாத சாமானெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னாங்க, நாப்கின், உள்பாவாடை, கைக்குழந்தைக்கு பால்பவுடர். ரெண்டு நாள் கழிச்சு வண்டி வந்துச்சு, எழுதின மாதிரியே பேரு போட்டு பை பையா. அந்த நோட்டுதான் பாப்பா உனக்கு நான் சொல்றது.

அப்புறம் ஒண்ணு, பொங்கல் நேரம் சம்பா அறுப்பு சமயம். பகல்ல போனா வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, வயல்ல இருப்பாங்க. பொழுது சாஞ்சு ஆறரை ஏழு மணிக்குப் போ, ஆனா உங்க வீட்டுலேருந்து யாரையாவது துணைக்குக் கூட்டிட்டு போ.

டிசம்பர் 26 நாகப்பட்டினம் பக்கம் போறதா இருந்தா கிரீடம் போட்டுட்டு போயிடாத. 2004 சுனாமியில அந்த மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. அன்னிக்கு கடற்கரையில பாலு ஊத்தி, பூ போட்டு அழுதுட்டு நிப்பாங்க. போனா சும்மா ஓரமா நின்னு கும்புட்டுட்டு வா, கேமராவ பையிலேருந்து எடுக்காத.

திருச்சி டீச்சர்

மேல எல்லாரும் சொன்னத நானும் ஒத்துக்குறேன், ஆனா கிரீடத்த முழுசா கழட்டி பொட்டியில வைக்கச் சொன்னா நான் சம்மதிக்க மாட்டேன் மா. நான் அரசுப் பள்ளி ஆசிரியை, 2018-ல எங்க திருச்சிப் பொண்ணு அனுகிரீத்தி வாஸ் மிஸ் இந்தியா ஆனப்ப என் கிளாஸ்ல பத்தாவது புள்ளைங்க கண்ணு எப்படி இருந்துச்சுன்னு பார்த்தவ. "நம்ம ஊர்லேருந்து போலாமா மிஸ்?"னு ஒரு பொண்ணு கேட்டா. அழகிப் போட்டின்னா வெறும் உடம்பக் காட்டுறதுன்னு அதுவரைக்கும் நான் நெனச்சிருந்தேன், அன்னிக்கு கொஞ்சம் மாத்திக்கிட்டேன்.

இந்த சேவைங்கறது போட்டியோட சும்மா ஒட்ட வச்சது இல்ல. மிஸ் வேர்ல்டுல 1972-லேயே ஜூலியா மோர்லி "பியூட்டி வித் எ பர்பஸ்"னு, அதாவது அழகோட ஒரு நல்ல நோக்கமும் வேணும்னு, ஆரம்பிச்சு வச்சாங்க. 2017-ல ஜெயிச்ச மானுஷி சில்லர் மெடிக்கல் ஸ்டூடண்ட், அவங்க எடுத்துக்கிட்டது மாதவிடாய் சுகாதாரம், கிராமம் கிராமமா போனாங்க. ஏன் அது எடுபட்டுச்சுன்னா அவங்களுக்கு அந்த விஷயம் தெரியும், கேள்வி கேட்டா பதில் சொல்ல முடியும். நீயும் உனக்குத் தெரிஞ்சத எடு. இன்னிக்கு முதியோர், நாளைக்கு மரக்கன்னு, மறுநாள் நாய்க்குட்டின்னு அலஞ்சா 20 நாளும் கரஞ்சுடும்.

நீ காமர்ஸ், கிராமத்துலேருந்து சென்னைக்குப் போய்ப் படிக்கிறவ. உன் தெருவுலயே பிளஸ் டூ படிக்கிற பொண்ணுங்க எத்தனை பேருன்னு பாரு. அரசுப் பள்ளியில 6லேருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணு காலேஜ் சேந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா நேரா அவ அக்கவுண்டுக்கு வரும், 2022 செப்டம்பர்லேருந்து இருக்கு. இருந்தும் "ஃபீஸ் எப்படி கட்டுறது, ஹாஸ்டல்ல விட பயமா இருக்கு"ன்னு நிறுத்துற வீடு இருக்கு. அந்த அம்மா அப்பாகிட்ட நான் போயி பேசுனா "டீச்சருக்கு என்ன, சொல்லுவாங்க"ன்னுடுவாங்க. நீ அங்க கிரீடத்தோட போ. பேங்க் அக்கவுண்ட் எப்படி ஆரம்பிக்கிறது, ஆதார எப்படி இணைக்கிறது, ஹாஸ்டல்ல முதல் மாசம் நீ எப்படி அழுத, அப்புறம் எப்படி பழகுச்சு, எல்லாத்தையும் சொல்லு. அந்த இடத்துல கிரீடம் ஒரு வேலை பாக்கும்.

குழந்தைங்க இல்லத்துக்குப் போனா மட்டும் போட்டோ கூடவே கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015, 74-வது பிரிவுல அந்தப் புள்ளைங்களோட அடையாளம் தெரியுற மாதிரி எதையும் வெளியிடக்கூடாதுன்னு இருக்கு, 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லனா 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். சட்டத்த விடு, நாளைக்கு அந்தப் புள்ள வளந்து காலேஜ் போறப்ப அந்தப் படம் யாரு போன்லயாவது இருக்கும்ல?

மன்னார்குடி பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அம்மாகிட்டயும் வாசிச்சுக் காட்டினேன். டீச்சர் சொன்னது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, எங்க பக்கத்து வீட்டுலயே ஒரு பிளஸ் டூ பொண்ணு இருக்கா, அவ அப்பா இன்னும் முடிவு சொல்லாம இருக்கார். டிசம்பர் கடைசி வாரம் தெருவுல அந்த வேலை, எங்க அப்பா துணைக்கு வர்றேன்னார். நோட்டு வாங்கிட்டேன் அண்ணே. இன்னிக்கு காலையில எச்.பி. பாத்தேன், 10.8. டாக்டர பாத்துட்டு வீடியோ போடுறேன் சார், கேம்ப் பத்தி உங்களுக்குத் தனியா மெசேஜ் பண்றேன்.

நடத்துறவங்ககிட்டயும் பேசிட்டேன். ஆளுங்க முகம் இல்லாம, போன இடம், செஞ்ச வேலை, தேதி எழுதி இல்லத்துல கையெழுத்து வாங்கி அனுப்பினா போதும்னு சொல்லிட்டாங்க, கேட்டிருந்தா தீபாவளிக்கே சொல்லியிருப்பாங்க போல, நான்தான் கேக்கல.

அந்தப் பாட்டி இருக்குற இல்லத்துக்கு நாளைக்கே போறேன், மறுபடி பொங்கலுக்கு அப்புறம் 18ம் தேதி. அக்கா, ஒரு சந்தேகம், வயசானவங்க கால் நகம் ரொம்ப கெட்டியா இருக்குமே, சாதாரண நகவெட்டி போதுமா?

நைட் டியூட்டி அக்கா

போதாது தங்கச்சி, மெடிக்கல்ல கால் நகத்துக்குன்னு பெருசா விக்கிது, அதைக் கேட்டு வாங்கு. ஒரு வாளியில வெதுவெதுப்பான தண்ணி வச்சு பத்து நிமிஷம் கால ஊற விட்டுட்டு வெட்டு, மூலையில உள்ள தோண்டாத, நேரா வெட்டு. சக்கர உள்ளவங்களுக்கு கால் நகம் நீ வெட்டாத, சின்ன காயம் பட்டாலும் ஆறாது, அதை அங்க இருக்குற நர்ஸ்கிட்ட விட்டுடு. அந்தப் பாட்டிக்கு கை நகம் வெட்டி, தலை பின்னி விடு.