ஜிஎம் அனுபவங்கள்: உங்கள் மேசைக்குள் நம்ம ஊர் புகுந்த கதைகள்

அஸ்தம்பட்டி ஜிஎம்

டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமாகப் பேசி ஆடும் கதை ஆட்டம், நடத்துகிற சேலத்துக்காரர்கள் இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறோம். ஒரு மாதிரி நினைத்து வைத்திருந்த என்கவுன்டர் (பாத்திரங்கள் எதிர்கொள்ள நாம் தயாரிக்கும் சம்பவம்), ஆட்கள் உட்கார்ந்ததும் வேறு மாதிரி போன கதை எல்லோரிடமும் இருக்கும். அதை எழுதுங்கள். முக்கியமாக, நம்ம ஊரையே களமாக வைத்து ஆடியபோது நடந்தவை. டிராகன், பாதாளக் கோட்டை எல்லாம் தாராளமாக எங்கும் கிடைக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் களத்தைச் சொல்வார், அவர்தான் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நான் இதைச் செய்றேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பது இழுபறியாக இருந்தால் பகடை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து கிளம்பிய ஆட்டம். நான் நடத்துவது அதன் ஐந்தாம் பதிப்பு விதிகளில்தான். களம் மட்டும் ஏற்காடு.

நான் தயாரித்து வைத்திருந்தது இது. எஸ்டேட்டிலிருந்து காபி மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி இறங்குகிறது. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நடுவில் ஒரு வளைவில் கொள்ளைக்காரர்கள் மரத்தை வெட்டிப் போட்டு மறிக்கிறார்கள். வரைபடம், ஆட்கள் நிற்கும் இடம், யார் கையில் என்ன ஆயுதம், எல்லாம் தயார். மழை பெய்துகொண்டிருக்கிறது என்று சும்மா அழகுக்கு ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

டிரைவராக ஆடுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "மழையா? அப்ப மெயின் ரோட்ல மண்ணு சரிஞ்சிருக்கும், மூடியிருப்பாங்க. நான் குப்பனூர் வழியா இறங்கிக்கிறேன்." மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அதில் தந்திரம் எதுவும் இல்லை. மழை என்றால் குப்பனூர் வழி, அவ்வளவுதான்.

"சரி, கொள்ளைக்காரங்களும் இந்த ஊர்க்காரங்கதானே, ரோடு மூடினது அவங்களுக்கும் தெரியும்" என்றேன். ஆக அவர்களும் குப்பனூர் பாதையில். லாரி ஒரு திருப்பத்தில் திரும்புகிறது. எதிரே நடுரோட்டில் ஒற்றைக் காட்டெருமை. அதற்கு அந்தப் பக்கம் கொள்ளைக்காரர்களின் ஜீப், விளக்கை அணைத்துவிட்டு. அவர்களாலும் நகர முடியவில்லை.

அதற்கப்புறம் நடந்தது முழுக்க அவர்கள் வேலை. ஹாரன் அடிக்கக் கூடாது, ஹெட்லைட்டை மேலே தூக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார், எஸ்டேட்டில் சொந்தக்காரர் இருக்கிறாராம். இன்னொருவர் எருமைக்கு மேலாக, குரலை ஏற்றாமல், "அண்ணே, அந்த டார்ச்சை அணைங்கண்ணே" என்று கொள்ளைக்காரனைக் கேட்டார். அவனும் அணைத்தான். பின்னே என்ன செய்வான்? கொள்ளைப் பேச்சுவார்த்தை மொத்தமும் ஒரு மாட்டுக்கு இரண்டு பக்கமும் கிசுகிசுப்பாகவே நடந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, கடைசியில் மூட்டையே கொடுக்காமல், அடிவாரத்துச் செக்போஸ்டைத் தாண்ட அவர்களுக்கு உதவுவதாக ஒப்பந்தம் ஆனது. எருமை கடைசிவரை யாரையும் முட்டவில்லை. அது அந்த இடத்தில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

அதிலிருந்து என் மேசையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஊரைப் பற்றி உண்மையான தகவல் ஒன்றைச் சொல்லி, அதைப் பாத்திரத்தின் செயலுக்குப் பயன்படுத்தினால் அட்வான்டேஜ். அதாவது டி20 என்கிற இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் இடத்தில் வெற்றி வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75க்குப் போகும், 15 தேவைப்படும் இடத்தில் 30லிருந்து 51க்கு. இது சின்னப் பரிசு இல்லை. ஆட்கள் ஊரைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சிவதாபுரம் பட்டறை

அண்ணா, எருமைக் கதை நன்றாக இருக்கிறது. எனக்கு நடந்தது வெள்ளியில்.

துப்பறியும் ஆட்டம். கொலுசுப் பட்டறை ஒன்றில் இரண்டு கிலோ வெள்ளி குறைகிறது. லாக்கர் உடைபடவில்லை. ராத்திரி யாரும் உள்ளே வரவில்லை. நான் எழுதி வைத்திருந்த விடை: செவ்வாய்பேட்டை வியாபாரி ஒருவர் கள்ளச்சாவி போட்டு எடுத்து, ஜவ்வரிசி குடோனில் மூட்டைக்குள் மறைத்திருக்கிறார். சாவி, குடோன் வாட்ச்மேன், ஜவ்வரிசி மாவு ஒட்டிய செருப்பு என்று தடயங்கள்.

ஆட வந்தவர்களில் ஒருவர் கொலுசு வேலை செய்யும் குடும்பம். அதுவரை அதிகம் பேசாமல் இருந்தவர், பட்டறைக்குள் நுழைந்ததும் என்பிசி (ஜிஎம்மே ஆடும் பாத்திரம்) முதலாளியிடம் முதல் கேள்வி கேட்டார்: "பட்டறைய கடைசியா யாருங்க கூட்டுனது?"

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கைரேகை பார்க்கலாம், சிசிடிவி பார்க்கலாம் என்று இவர்கள் ஒரு பக்கம். அவர் விளக்கினார். பட்டறையில் கூட்டிய குப்பையை யாரும் தெருவில் கொட்ட மாட்டார்கள். அராவும்போதும் வெட்டும்போதும் உதிர்ந்த வெள்ளித்தூள் அதில் கிடக்கும். டப்பாவில் சேர்த்து வைத்து, கழுவி வெள்ளி பிரிக்கிறவர்களுக்கு விற்பார்கள். அதனால் ஒரு மூட்டை மண் வாசல் வழியாகப் பட்டப்பகலில் வெளியே போனால் யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. "லாக்கரை எதுக்குங்க உடைக்கணும்? கம்பியா வெட்டிக் குப்பைல போட்டுக் கூட்டிட்டா போச்சு."

அவர் "கூட்டிட்டா" என்று சொல்லும்போது மேசை மேல் கையால் கூட்டிக் காட்டினார். தூள் சிதறாமல் உள்பக்கமாக, முழங்கைக்குள் ஒதுக்குகிற மாதிரி. அந்தக் கை அசைவைப் பார்த்ததும் என் வியாபாரியை விட்டுவிட்டேன். முதலாளி முகம் மாறுகிறது, "போன வாரம் மண்ணு வாங்குறவன் நாள் தள்ளி வந்தான்" என்கிறார் என்று சொன்னேன். பகடையே உருட்டவில்லை. இவ்வளவு தெரிந்தவரிடம் "15க்கு மேல் போடுங்க, அப்பத்தான் தெரியும்" என்று எப்படிக் கேட்பது?

இரும்பாலை ரோடு

பட்டறை நண்பரே, கதை அருமை, ஆனால் எனக்கு ஒரு நெருடல். துப்பறிகிற ஆட்டத்தில் குற்றவாளியை நடுவில் மாற்றினால் துப்பறிந்ததற்கு என்ன மதிப்பு? நான் ஆடுகிறவனாக இருந்தால், என் ஊகம் சரியாக இருந்ததால் ஜெயித்தேனா, இல்லை ஜிஎம்முக்குப் பிடித்திருந்ததால் ஜெயித்தேனா என்று கேட்பேன். எழுதி வைத்த விடை அப்படியே இருக்கட்டும். தவறாகப் போனால் தவறாகவே போகட்டும்.

சிவதாபுரம் பட்டறை

நியாயமான கேள்வி. நான் வைத்திருக்கும் கோடு இதுதான்: மேசையில் சொன்னது மாறாது, என் நோட்டில் மட்டும் இருப்பது மாறலாம். மாவு ஒட்டிய செருப்பை அவர்கள் ஏற்கனவே பார்த்திருந்தால் நான் மாற்றியிருக்க மாட்டேன். அன்றைக்கு அவர்கள் முதல் அறைக்குள்தான் வந்திருந்தார்கள், ஒரு தடயமும் கைக்குப் போகவில்லை. அப்புறம் இன்னொன்று. என் விடையைவிட அவருடைய விடை பொருத்தமாக இருந்தது. அந்தப் பட்டறையில் அப்படித்தான் திருட முடியும்.

இரும்பாலை ரோடு

முதல் அறை என்றால் சரி. மூன்றாவது அறையில் மாற்றினால் சண்டைக்கு வருவேன்.

மலை மேலிருந்து

நான் ஏற்காடு. ஜிஎம் இல்லை, ஆடுகிறவள். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், ஆனாலும் ஜிஎம்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

வெளியூரிலிருந்து வந்த குழு ஒன்று ஹோம்ஸ்டேயில் தங்கி, திகில் ஆட்டம் நடத்தியது. உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்று என்னையும் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனையும் கூப்பிட்டார்கள். நன்றாகத்தான் போனது. பனி, கரண்ட் இல்லாத பழைய பங்களா, காபிச் செடிகளுக்கு நடுவில் யாரோ நடக்கும் சத்தம். ஜிஎம் குரலைத் தாழ்த்திப் பேசுவதில் கெட்டிக்காரர். அப்புறம் கதை சேர்வராயன் குகைக்குப் போனது. உள்ளே ஒரு ஜந்து, ஆயிரம் ஆண்டுகளாக ரத்தத்துக்குக் காத்திருக்கிறது என்று ஆரம்பித்தார்.

அந்த அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை. "சார், அது எங்க சாமிங்க. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள குனிஞ்சு போவோம்" என்றார்.

நெட்டில் படத்தைப் பார்த்தால் இருட்டுக் குகை, திகிலுக்குக் கச்சிதமான இடம் என்றுதான் தோன்றும். ஆனால் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சேர்வராயன்தான் மலையின் தெய்வம். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் அங்கே கூடும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பூதத்தை உட்கார வைத்து, கூடவே "மலைவாசிகள் பலி கொடுக்கிறார்கள்" என்று இரண்டு வரி சேர்த்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் வீட்டைப் பற்றித்தான் சொல்கிறீர்கள். பல ஜிஎம்கள் இதை யோசிப்பதே இல்லை. பழங்குடி என்றாலே ஈட்டியோடு வரும் எதிரி என்று பழைய விளையாட்டுப் புத்தகங்கள் பழக்கிவிட்டிருக்கின்றன.

அந்த ஜிஎம்மைப் பாராட்ட வேண்டும். மன்னிப்புப் பிரசங்கம் எதுவும் செய்யாமல், "சரிங்க, குகை வேண்டாம். இந்த மலைல நீங்க எதுக்குப் பயப்படுவீங்க?" என்று கேட்டார். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பனில கூப்பிடுற குரலுக்கு. தெரிஞ்சவங்க குரலாவே இருக்கும். மூணு தடவை கூப்பிடாம திரும்பக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்." அதற்கப்புறம் அந்த இரவு முழுக்க ஒவ்வொரு பாத்திரத்தையும் யாரோ ஒருமுறை, இரண்டு முறை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது முறை கூப்பிடவே இல்லை. எனக்கு இன்றைக்கும் தோட்டத்தில் யாராவது பெயர் சொன்னால் எண்ணத் தோன்றுகிறது.

ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் அறிமுகப்படுத்திய எக்ஸ் கார்டைப் பலர் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். மேசை நடுவில் எக்ஸ் போட்ட அட்டை, யார் தொட்டாலும் அந்த விஷயத்தைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட வேண்டும். நல்லதுதான். ஆனால் நம்ம ஆட்கள், அதுவும் விருந்தாளியாக வந்தவர்கள், அட்டையைத் தொட மாட்டார்கள். சங்கடப்பட்டுக்கொண்டு சிரிப்பார்கள். ஜிஎம்தான் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அஸ்தம்பட்டி ஜிஎம்

தங்கச்சி, மூன்றாவது கூப்பிடல் வராத அந்த யுக்தியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

குகை தாயக்கட்டை

நான் இருப்பது குகையில், சாமி குகை இல்லை, சேலம் டவுன் குகை. என் குழுவில் டி20 கிடையாது, ஆங்கிலப் புத்தகமும் கிடையாது. அத்தை, சித்தப்பா, பிள்ளைகள் என்று வீட்டு ஆட்கள்தான். எல்லோரும் கரைத்துக் குடித்த பகடை ஒன்று இருந்தது, தாயக்கட்டை. அதையே எடுத்துக்கொண்டேன்.

கணக்கு இப்படி. பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் வெற்று, 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழலாம். தாயத்தில் மறு ஆட்டம் தருகிற 1, 5, 6, 12 (இரண்டும் வெற்றாக விழுந்தால் 12) ஆகியவை சேர்ந்து அதில் 6. இவை விழுந்தால் நினைத்தது நடக்கும். 3, 4 விழுவது 7 விதம். நடக்கும், ஆனால் ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டும். 2 விழுவது 3 விதம். நடக்காது, நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டு லூடோ பகடை உருட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை பாதி வெற்றி என்று வைக்கும் ஆட்டங்கள் உண்டே, அதே சாயல்தான். அங்கே முழு வெற்றி 36இல் 6தான், இங்கே 16இல் 6. தோல்வி குறைவாக வருவதால் அந்த "விலை"யைக் கொஞ்சம் கனமாக வைத்தால்தான் சுவாரசியம்.

விதி சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லாமல் போனது. கட்டையை உள்ளங்கையில் தேய்த்து, "தாயம்! தாயம்!" என்று கத்தி உருட்ட அத்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன? பாத்திரமாகப் பேசுவதற்குத்தான் கூச்சப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன். அதிலும் சித்தப்பா முந்திக்கொண்டார். ஆடி மாதம் எங்கள் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில் சாமி வேஷம் போட்டு, அலங்கார வண்டியில் அசையாமல் நிற்கிறவர் அவர். அரசர் பாத்திரம் கொடுத்தேன். நாற்காலியில் சாயாமல், இமை தட்டாமல் உட்கார்ந்து, அமைச்சராக ஆடிய என் தம்பி பையனை ஒரு பார்வை பார்த்தார். பையன் பாத்திரத்தை மறந்துவிட்டு நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டான்.

புதுசு

படித்தே ஆசை வந்துவிட்டது. சூரமங்கலம் பக்கம். டி20 எங்கே கிடைக்கும்? புத்தகம் வாங்கியே ஆக வேண்டுமா? ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க முடியுமா?

அஸ்தம்பட்டி ஜிஎம்

டி20 நாங்கள் ஆன்லைனில்தான் வாங்கினோம். அதுவரை ஃபோன் ஆப் போதும், இல்லையென்றால் மேலே சொன்ன தாயக்கட்டை. புத்தகம் வாங்க வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் வெளியிட்டார்கள்.

உட்கார்ந்து பார்க்கத் தாராளமாக வாருங்கள், ஆனால் ஆடியில் வேண்டாம். கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் பாதிப் பேர் வர மாட்டார்கள், மீதிப் பேர் டிராஃபிக்கில் நிற்பார்கள். ஆவணி முதல் ஞாயிறு வைத்துக்கொள்ளலாம். வரும்போது தட்டுவடை செட் வாங்கி வந்தால் மறுக்க மாட்டோம், சாப்பிடுவது மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம். கேரக்டர் ஷீட்டில் பீட்ரூட் கறை பட்டால் போவதில்லை.