பினாங்கு ஜெலுத்தோங் ‘சி’ பிளாக் குடும்பம் (சாட் குரூப்)

சாந்தி அக்கா (8.09): யாராவது வானத்தைப் பார்த்தீர்களா? துணி எடுக்க மாடிக்கு வந்தேன். ரெண்டு நட்சத்திரம் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து போகிறது.

கவின்: ஏரோப்ளேன் அக்கா. பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டில் இறங்கும்.

சாந்தி அக்கா: ஏரோப்ளேன் என்றால் சிவப்பு லைட் மினுக்குமே. சத்தமே இல்லை. முன்னால் போனது பளிச்சென்று மின்னி மங்கியது. கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்ததும் அதே இடத்தில் மின்னியது! மயிர்க்கூச்செறிந்துவிட்டது லா.

பார்வதி பாட்டி: சாமி காரியம். விளக்கேற்று.

முனியாண்டி அங்கிள்: ஜோடியாகவா போனது? அப்படியானால் அநேகமாக நோஸ். அமெரிக்கக் கடற்படையின் உளவு சாட்டிலைட். சுமார் 1,100 கிலோமீட்டர் உயரம். இங்கே இருட்டிவிட்டாலும் அங்கே இன்னும் வெயில். அதன் தகடு ஏதாவது சரியான கோணத்தில் திரும்பினால் வெயில் நம் கண்ணில் அடிக்கும்.

பார்வதி பாட்டி: உளவா? நான் மாடியில் காயப்போட்ட வடகத்தைப் பார்த்திருக்குமா?

முனியாண்டி அங்கிள்: இதற்குக் கண் இல்லை, காதுதான். கப்பல்களின் ரேடார் சிக்னலைக் கேட்டு அவை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும்.

கவின்: நம் ஃபெரியையுமா 😂

முனியாண்டி அங்கிள்: அதற்கு எதற்கடா சாட்டிலைட்? எதிர்க்கரை பட்டர்வொர்த்தில் நின்றாலே தெரியும்.

கவின்: சரி, அடுத்து எப்போது வரும்? ஆப்பில் இருக்குமா?

முனியாண்டி அங்கிள்: இருக்கும். ஆனால் அமெரிக்கா இதன் பாதையை வெளியிடாது. பொழுதுபோக்காக வானம் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துப் போடுவதுதான். பைனாகுலரில் பார்த்து, ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவே அது கடக்கும் நொடியில் ஸ்டாப்வாட்சை அமுக்குவார்கள். பல ஊர்க் கணக்கைச் சேர்த்தால் பாதை கிடைத்துவிடும். 2019இல் டிரம்ப் ஈரான் ராக்கெட் தளப் படம் ஒன்றை ட்விட்டரில் போட்டாரே, அதை எடுத்தது யுஎஸ்ஏ 224 என்ற உளவு சாட்டிலைட் என்று சொன்னதே இவர்கள்தான். படத்தில் விழுந்த நிழலை வைத்து நேரத்தைக் கணக்குப் போட்டார்கள்.

சாந்தி அக்கா: அடேயப்பா.

முனியாண்டி அங்கிள்: இதைவிடப் பெரிய கூத்து பழைய இரிடியம். சாட்டிலைட் போனுக்காக விட்டது. கதவு மாதிரி மூன்று ஆண்டெனா. வெள்ளிக் கிரகத்தையே தோற்கடிக்கும் வெளிச்சம், நொடி பிசகாமல் வந்தது. பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை.

கவின்: அங்கிள், நாளைக்கு நானும் வருகிறேன்.

முனியாண்டி அங்கிள்: எட்டுக்கு முன்பே வா. நம் ஊரில் பூமியின் நிழல் மளமளவென்று ஏறிவிடும், ஒன்பதுக்கு மேல் தாழப் பறப்பவை கண்ணில் படாது. மாடிச் சாவி யாரிடம்?

பார்வதி பாட்டி: என்னிடம். வடகத்தை மிதிக்காமல் நில்லுங்கள்.